அசையாதீங்க அக்கா

பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுக்குச் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மூன்று மாடி ஆஸ்பத்திரியில் வாசல் காவலாளி முதல் பெரிய டாக்டர் வரை எல்லாருக்கும் அவள் ‘அசையாதீங்க அக்கா’. எக்ஸ்ரே அறையில் பதினாறு வருடமாக அவள் சொல்லிவரும் வசனம் அது. “மூச்சை நல்லா இழுங்க. பிடிங்க. அசையாதீங்க.” சொல்லிவிட்டு ஈயக் கண்ணாடி பதித்த தடுப்புக்குப் பின்னால் போவாள், பொத்தானை அழுத்துவாள். “ம், விடுங்க.” எப்பேர்ப்பட்ட முரடனும் அவள் குரலுக்குக் கட்டுப்பட்டு மரம் மாதிரி நிற்பான்.

அத்தனை பேரையும் நிற்க வைக்கிற இந்த மகராசியால் தன் வலது தோளை நிற்க வைக்க முடியாது. அதுதான் யாருக்கும் தெரியாத சேதி. எட்டு வயதில் கண் சிமிட்டலாக ஆரம்பித்து, பிறகு தோளுக்கு வந்தது. கூடவே தொண்டையில் ஒரு சின்னச் செருமல். முதலில் தோள்பட்டைக்குள் ஒரு நமைச்சல் ஏறும், தும்மலுக்கு முன்னால் மூக்கு கூசுகிற மாதிரி. ஒரு தரம் தூக்கி இறக்கினால்தான் அடங்கும். தும்மலைக் கொஞ்ச நேரம் அடக்கலாம், அடியோடு ஒழிக்க முடியாது. சின்ன வயதில் வீட்டில் வாங்கிய அடியில் அவள் அடக்கக் கற்றுக்கொண்டாள். எக்ஸ்ரே வேலை கிடைத்ததும், கடவுளே பார்த்து ஒரு தடுப்பைக் கட்டிக்கொடுத்த மாதிரி ஆயிற்று. நோயாளி சுவரைப் பார்த்து நிற்பார். படம் திரையில் வருகிற வரை தோளும் தொண்டையும் பின்னால் நின்று இஷ்டத்துக்கு ஆடித் தீர்க்கும். பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு வெளியே வருவாள்.

இன்னொரு தொல்லையும் உண்டு. வலப்பக்கமா இடப்பக்கமா என்று தெரிய, படத்தின் ஓரத்தில் ஈயத்தில் செய்த எழுத்து ஒன்றை வைப்பார்கள். அதை நாலு தடவை தொட்டுப் பார்க்காமல் அவளுக்குப் பொத்தானில் கை போகாது. சரியாக இருப்பது கண்ணுக்குத் தெரியும், மனசு ஒத்துக்கொள்ளாது. வீட்டுப் பூட்டுக்கும் அதே நாலு இழுப்பு. ஆஸ்பத்திரியில் இதற்குப் பொறுப்பு என்று பெயர் வைத்து, ஒரு வருடம் சான்றிதழ் கூடக் கொடுத்தார்கள். அவஸ்தைப்படுகிறவளுக்குப் பாராட்டு விழா நடத்துகிற உலகம் இது.

கணவர் மின்சார மீட்டர் கணக்கெடுப்பவர். நாள் பூராவும் வீடு வீடாகப் போய் எண்களை நுணுக்கமாகப் பார்ப்பவர்தான். பக்கத்தில் படுத்திருப்பவளைத்தான் பார்க்கவில்லை. தோள் எப்போதாவது துள்ளிவிட்டால் “தோள்வலிங்க” என்று பூசி மெழுகுவாள். அந்த அப்பாவி மனிதர் பன்னிரண்டு வருடமாகத் தைலம் வாங்கி வந்து தேய்த்துவிட்டுக் கொண்டிருந்தார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த குடும்பத்தில், ஒன்பது வயது மகள் ஒருநாள் வீட்டுப்பாடம் எழுதும்போது கண்ணைச் சிமிட்டினாள். இறுக்கி, இரண்டு முறை. அம்மாவுக்குப் பார்த்த உடனே அது என்னவென்று தெரிந்துவிட்டது. வாரம் திரும்புவதற்குள் மூக்குச் சுழிப்பு சேர்ந்தது, பிறகு ‘க்கும்’ என்று ஒரு சத்தம். பள்ளியிலிருந்து டீச்சர் எழுதி அனுப்பினாள்: வகுப்பில் முகத்தைக் கோணிக் காட்டிப் பிள்ளைகளைச் சிரிக்க வைக்கிறாள்.

“வேணும்னே பண்றா. டிவியை நிறுத்து, எல்லாம் சரியாயிடும்,” என்றார் அப்பா.

வேணும்னே இல்லை என்று சொல்ல அந்த வீட்டில் ஒரே ஒருத்திக்குத்தான் தகுதி இருந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை. சொன்னால், உனக்கெப்படித் தெரியும் என்று அடுத்த கேள்வி வருமே. அதற்குப் பதிலாக அவள் செய்த காரியத்தை வேறெந்தத் தாயும் செய்திருக்க மாட்டாள். மகளைக் கண்ணாடி முன் நிறுத்தினாள். எக்ஸ்ரே அறைக் குரலிலேயே சொன்னாள்.

“மூச்சை இழு. பிடி. அசையாத. அம்மா பத்து எண்ணறேன்.”

பத்து இருபதானது, இருபது நூறானது. கெட்டிக்காரப் பிள்ளை, ஒரே மாதத்தில் ஒரு முழு வகுப்பு நேரத்தையும் தாங்கிக் காட்டினாள். “முடியலேன்னா யாரும் பாக்காத எடத்துக்குப் போய்டு,” என்று சொல்லிவைத்தாள் அம்மா. டீச்சர் ‘நல்ல முன்னேற்றம்’ என்று எழுதினாள். அப்பா ஐஸ்க்ரீம் வாங்கி வந்தார். அம்மாவுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் அவளுக்கு வெட்கமாக இருக்கிறது.

ஒரு புதன்கிழமை எக்ஸ்ரே இயந்திரம் பழுதாகி, மூன்று மணிக்கே அவளை அனுப்பிவிட்டார்கள். நாலு மணிக்கு வீட்டுக்கு வந்தபோது கூடத்தில் மகளின் புத்தகப் பை கிடந்தது, ஆளைக் காணோம். படுக்கையறைத் துணி அலமாரிக்குள் சத்தம் கேட்டது. க்கும், க்கும். பலகையில் ஏதோ இடிக்கிற சத்தம். கதவைத் திறந்தாள்.

தொங்குகிற சட்டைகளுக்கு நடுவே மகள் குந்தியிருந்தாள். கண், மூக்கு, கழுத்து என்று ஒன்று மாற்றி ஒன்று துடித்தது. தோள் பலகையில் இடித்து இடித்து மீண்டது. முகமெல்லாம் ஈரம்.

“கதவைச் சாத்தும்மா. இன்னும் முடியல.”

“தினமும் இங்கயா வர்ற?”

“நீதான சொன்ன, யாரும் பாக்காத எடத்துக்குப் போகச் சொல்லி. அப்பா வர்றதுக்குள்ள எல்லாத்தையும் விட்டுடணும்.”

கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்தவள், அலமாரிக் கைப்பிடியை நாலு தடவை தொட்டாள். “இல்லேன்னா உனக்கு ஏதாவது ஆயிடும்மா,” என்றாள், சாதாரணமாக. நாலு என்பதை அம்மா அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவே இல்லை.

அன்றைக்கு அம்மா அழுத அழுகை அவளுக்குத்தான் தெரியும். தன்னுடைய தடுப்பை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்துவிட்டோம் என்று நொந்துபோனாள்.

அடுத்த வாரம் கணவரை லீவு போட வைத்து, மூன்றாவது மாடி நரம்பியல் டாக்டரம்மாவிடம் மகளைக் கூட்டிப்போனாள். “என்ன அசையாதீங்க அக்கா, நீங்களே வந்திருக்கீங்க?” என்று சிரித்தாள் டாக்டர். சிமிட்டல், செருமல், நாலு தடவை தொடுவது எல்லாவற்றையும் அம்மா சொல்லி முடித்தாள். மகள் நாற்காலி விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிலையாக உட்கார்ந்திருந்தாள்.

“எங்க வளர்ப்புல ஏதாவது தப்பா டாக்டர்?” என்று கேட்டார் அப்பா.

“வளர்ப்புக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. மூளையோட ஆழத்துல ஒரு இடம் இருக்கு. எந்த அசைவை வெளிய விடலாம், எதை நிறுத்தலாம்னு வாசல்ல நின்னு பாக்கற காவல்காரன் மாதிரி. அங்க டோபமின்னு ஒரு ரசாயனம் வேலை செய்யுது. இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்கு அந்த வேலை கொஞ்சம் தாறுமாறா நடக்குது, அதனால நிறுத்த வேண்டிய அசைவும் வெளிய வந்துடுதுன்னு நினைக்கிறோம். நாலு தடவை தொடறதும் இதுக்குப் பக்கத்து வீட்டுச் சங்கதிதான். அதுல செரோடோனின்னு இன்னொண்ணுக்கும் பங்கு இருக்கலாம். முழுசாத் தெரியும்னு சொன்னா நான் பொய் சொல்றேன். ஆனா குழந்தை வேணும்னு பண்ணல. நிறைய பேருக்கு வயசு ஏற ஏறக் குறையும். குறையலேன்னாலும் பயிற்சி இருக்கு, தேவைப்பட்டா மருந்து இருக்கு.”

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். டிவியை நிறுத்தியது நினைவுக்கு வந்திருக்கும்.

“இது குடும்பத்துல வர்றதும் உண்டு. ரெண்டு பக்கத்துலயும் யாருக்காவது இருந்திருக்கா?”

“எங்க பக்கம் இல்ல. இவ பக்கமும் யாருக்கும் இல்ல,” என்றார் அவர், மீட்டர் எண் சொல்லும் உறுதியோடு.

“சரி. பாப்பா, இங்க அடக்கவே வேண்டாம், என்ன?” என்றாள் டாக்டர். மகள் அம்மாவைத்தான் பார்த்தாள். விரல் நுனிகள் வெளுத்திருந்தன.

மூன்றாவது மாடியில் சொன்ன விஷயம் மத்தியானத்துக்குள் கேன்டீனுக்கு வந்துவிடும் என்பது அம்மாவுக்குத் தெரியும். ‘அசையாதீங்க அக்கா’ என்ற பெயரையே சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். வேலைக்கே உலை வைத்தாலும் வைப்பார்கள். தோளுக்குள் நமைச்சல் ஏறிக்கொண்டிருந்தது. அறைக்குள் நுழைந்ததிலிருந்து அடக்கி வைத்திருந்தது. அவள் அடக்குவதை நிறுத்தினாள்.

தோள் காது வரை ஏறி இறங்கியது. மறுபடியும் ஏறியது. தொண்டை செருமியது.

“எனக்கு இருக்கு டாக்டர். எட்டு வயசுலேருந்து.”

கணவர் திரும்பிப் பார்த்தார். “தோள்வலின்னு சொன்னியே.”

“வலி இல்லீங்க.”

“பன்னண்டு வருஷமா தைலம் தேச்சு விட்டிருக்கேன்.”

“அது நல்லாத்தாங்க இருந்துச்சு.”

அவர் நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். மகள் மட்டும் அம்மாவின் தோளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீ எங்கம்மா போய் விடுவ?”

“எக்ஸ்ரே ரூம் கண்ணாடிக்குப் பின்னால. உன் அலமாரி மாதிரி.”

மகள் கை இன்னும் நாற்காலியை விடவில்லை. அப்போதுதான் அம்மாவுக்கு உறைத்தது. ஒரு நாளைக்கு நூறு பேருக்கு மறக்காமல் சொல்கிற அந்தக் கடைசி வார்த்தையைப் பெற்ற மகளுக்கு மட்டும் அவள் ஒருநாளும் சொன்னதில்லை. மகளின் விரல்களை ஒவ்வொன்றாக நாற்காலியிலிருந்து எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

“ம், விடு,” என்றாள்.