சொல்லாத ஹோல்டான்

பழைய பேருந்து ஒன்றைக் கடலோரம் நிறுத்தி, சீட்டுகளைப் பிடுங்கிவிட்டுக் கட்டில் போட்டால், அதையும் விடுதி என்று வாடகைக்கு எடுக்க ஆள் இருக்கிற காலம் இது. கோடைக்கு அம்மாவையும் அப்பாவையும் எங்காவது அனுப்பியே தீருவது என்று ஒற்றைக் காலில் நின்ற மகள், போனில் அந்தப் படத்தைப் பார்த்ததும் யாரையும் கேட்காமல் பதிவு செய்துவிட்டாள். "காலம் பூரா பஸ்ஸுலயே குப்பை கொட்டினவங்க, லீவுக்கும் பஸ்ஸுலயே போய்த் தூங்குங்க" என்று சிரிப்பு வேறு. அவள் மேல் தப்பில்லை. நடந்ததில் பாதிதான் அவளுக்குத் தெரியும்.

அம்மா கண்டக்டர், அப்பா டிரைவர். ஒரே தடத்தில் ஒரே வண்டி ஓட்டி, அந்த வண்டியிலேயே காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். இவள் "ரைட்" என்றால் அவர் கிளம்புவார். "ஹோல்டான்" என்றால் நிற்பார். வீட்டிலும் அதே சட்டம்தான். தட்டில் சோறு போடும்போது போதும் என்று சொல்ல மாட்டார்கள், ஹோல்டான்தான். வந்த விருந்தாளிகள் திருதிருவென்று முழிப்பார்கள்.

எல்லாம் போன வருடம் வரைக்கும். பேருந்து நிலையத்தில் அவர் வண்டியைப் பின்னுக்கு எடுத்தார். இவள் பின்னால் நின்று வண்டியைத் தட்டி "வரலாம், வரலாம்" சொல்லிக்கொண்டிருந்தாள். நிலையத்தைப் பெருக்குகிற பெண் குனிந்தபடியே சக்கரத்துக்கு நேரே வந்தாள். இவள் பார்த்தாள், ஆனால் வாய் திறக்கவில்லை. ஏன் என்று இவளுக்கே தெரியாது. அந்தப் பெண் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டாள்.

விசாரணையில் இவள், ஹோல்டான் என்று கத்தினேன் என்றாள். அடுத்து அவரைக் கூப்பிட்டு, இவள் கத்தியது கேட்டதா என்று கேட்டார்கள். "கேக்கல" என்று ஒற்றை வார்த்தை சொன்னார். காது மந்தம் என்று எழுதி, ஸ்டியரிங்கிலிருந்து இறக்கி, பணிமனையில் வண்டி கழுவப் போட்டார்கள். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. இவள் விசிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அலுவலகத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவரிடம் உரக்கப் பேச ஆரம்பித்தாள். சொன்ன பொய்க்குக் காவல் வேண்டுமே. எதையும் இரண்டு தடவை சொன்னாள். அவரும் காதோரம் கையை வைத்து "ஆங்?" என்பார். பழகப் பழக, அவருக்கு நிஜமாகவே காது போய்விட்டது என்று இவளே நம்பத் தொடங்கினாள். மற்றபடி அழுகை வரவில்லை, பசி குறையவில்லை, படுத்தால் தூக்கமும் வந்தது. மரத்துப்போன காலில் எறும்பு ஊர்கிற மாதிரி நாட்கள் போய்க்கொண்டிருந்தன.

கடலோரப் பேருந்தில் டிரைவர் சீட்டையும் ஸ்டியரிங்கையும் அழகுக்காக விட்டுவைத்திருந்தார்கள். அவர் அதில் உட்காரவில்லை. ஈரத் துண்டை அதன் மேல் காயப்போட்டார். சன்னலுக்கு வெளியே கடல் இருந்தது. நல்ல கடல்தான். இவள் பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை டால்பின் பார்க்கப் படகில் போனார்கள். அதற்கும் மகளே சொல்லி வைத்திருந்தாள். டால்பின்கள் குறை வைக்கவில்லை. கூட்டமாக வந்தன, படகை ஒட்டி முதுகைக் காட்டின, குட்டியொன்று எகிறிக் குதித்தது. பக்கத்துப் படகில் ஒரே கூச்சல். இவள் மகளுக்கு அனுப்புவதற்காக நாலைந்து படம் எடுத்தாள். வந்ததற்கு அது ஒன்றுதான் வேலை போல இருந்தது.

திரும்பி வந்து படகுத்துறையில் ஒட்டி நிறுத்தும்போது படகுக்காரர் எஞ்சினைப் பின்னுக்குப் போட்டார். மீன் கழிவு தின்ன ஆமைகள் அங்கே சுற்றும், எஞ்சின் விசிறியில் மாட்டினால் ஓடு பிளந்துவிடும், கொஞ்சம் பின்னால் பார்த்துச் சொல்லுங்கள் என்று இவளிடம் கேட்டுக்கொண்டார். இவள் எட்டிப் பார்த்தாள். விசிறிக்கு நேரே ஒரு தலை மேலே வந்தது. இவள் பார்த்துக்கொண்டே நின்றாள். வாய் திறக்கவில்லை.

"ஹோல்டான்!"

முன்னால் உட்கார்ந்திருந்த அவர்தான் கத்தினார். படகுக்காரருக்கு அந்த வார்த்தை புரியவில்லை. என்ன சார் என்று கேட்டுக்கொண்டே எஞ்சினை அணைத்தார். அதற்குள் ஆமை தானாகவே முங்கித் தப்பித்துவிட்டது. முன்னால் இருந்த இவள் கணவருக்கு அங்கிருந்து ஆமை தெரிந்திருக்கவே முடியாது. அவர் இவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேருந்துக்கு வந்ததும் அவர் முதுகைக் காட்டிக்கொண்டு செருப்பிலிருந்த மணலைத் தட்டினார். இவள் கட்டிலில் உட்கார்ந்து, அவருக்குக் கேட்காது என்ற தைரியத்தில், சுவரிடம் சொல்வது போல மெதுவாகச் சொன்னாள்.

"நான் அன்னைக்குக் கத்தவே இல்ல."

"தெரியும்" என்றார் அவர், திரும்பாமலே.

காது கேட்குமா என்று இவள் இன்னும் மெதுவாகக் கேட்டாள். எல்லாம் நன்றாகவே கேட்கும், என்றைக்கும் கேட்டது என்றார். அப்படியானால் எதற்காக வண்டி கழுவப் போனீர்கள் என்றாள்.

"நீ கத்தினேன்னு சொல்லிட்ட. கேட்டுச்சுன்னு சொன்னா நான் உள்ள போகணும். கத்தலன்னு சொன்னா நீ உள்ள போகணும். அதான் கேக்கலன்னேன்."

"என்கிட்டயாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

அவர் செருப்பைக் கீழே வைத்துவிட்டு இவளைத் திரும்பிப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை.

"கேட்டிருந்தா, கத்தினேன்னுதானே சொல்லியிருப்ப."

சொல்லியிருப்பாள்தான். நேற்றுக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாள். அது தெரிந்தபோதுதான், அந்த ஒரு வருடத்தில் முதல் தடவையாக, இவளுக்கு நெஞ்சு வலித்தது.