கோவா வழியாக வந்த ஆத்தா

ஆண்டுக்கு நான்கு நாள் என் எவர்சில்வர் டம்ளர்கள் நடக்கும். அலமாரித் தட்டில் கவிழ்த்து வைத்தவை மெல்ல விளிம்புக்கு நகர்ந்து வந்து ஒவ்வொன்றாகத் தரையில் குதிக்கும். வட ஜெர்மனியில் நான் நர்ஸாக வேலை பார்க்கும் இந்தக் கிராமத்துக்கு வந்த முதல் கோடையில், நிலநடுக்கம் என்று நினைத்து வீட்டுச் செருப்போடு தெருவுக்கு ஓடினேன். தெரு அமைதியாக இருந்தது. எதிர்வீட்டு அம்மையார் காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். தூரத்து வயலைக் காட்டி “கோவா” என்றார். என் முகத்தைப் பார்த்து எந்த ஊர் என்று அன்பாகத்தான் கேட்கிறார் போலும் என்று நினைத்து, “கோவா இல்லை, நான் நீலகிரி” என்றேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்துவிட்டு அடுத்த செடிக்குப் போனார். அந்த வயலில் ஆயிரக்கணக்கானவர்கள் கூடி நான்கு நாள் இடைவிடாமல் ஆடுகிறார்கள் என்பதும், அந்த ஆட்டத்துக்கான இசையை ஜெர்மன்காரர்கள் இன்னமும் ‘கோவா’ என்றே சொல்கிறார்கள் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

தெரிய வைத்தவர் பக்கத்து வீட்டு ஊவே. அறுபத்தெட்டு வயது. இடுப்புவரை நரைத்த சடை, எலும்புக்கூட்டுக்குச் சட்டை மாட்டியது போன்ற உடம்பு. பதினொரு குளிர்காலங்களைக் கோவாக் கடற்கரையில் கழித்தவர். நான் பிறப்பதற்கு முன்பே இந்தியாவில் இருந்தவர் என்பதால் இந்தியாவைப் பற்றி எனக்குச் சொல்லித்தரும் உரிமை தனக்கு உண்டு என்பது அவர் கட்சி. அந்தக் கடற்கரையைத் தவிர இந்தியாவில் வேறெங்காவது போயிருக்கிறீர்களா என்று கேட்டேன். பல் வலிக்காக ஒருமுறை பம்பாய் போனாராம்.

அவர் சொன்ன வரலாறு இது. அறுபதுகளின் கடைசியில், வீட்டோடு சண்டை போட்ட ஐரோப்பிய, அமெரிக்கப் பிள்ளைகள் கோவாவில் வந்து இறங்கினார்கள். முதலில் கிதாரும் டிரம்ஸும்தான். எண்பதுகளில் ஐரோப்பாவின் மின்னணு இசை கேசட்டில் வந்து சேர்ந்தது. இசைத்தட்டு அந்த வெயிலில் அப்பளமாக வளைந்துவிடும், அதனால் எல்லாமே கேசட். அதில் யாராவது காதலைப் பற்றிப் பாட ஆரம்பித்தால் ஆடுகிறவர்களுக்கு எரிச்சல் வந்தது. ஆகவே பாடும் இடங்களை வெட்டி எறிந்துவிட்டு, தாளம் மட்டும் ஓடும் துண்டுகளை ஒட்டி ஒட்டி நீட்டினார்கள். தொண்ணூறுகளில் அதற்கென்றே புதிதாக இசை செய்யத் தொடங்கியபோது ‘கோவா டிரான்ஸ்’ என்று பெயர் விழுந்தது. பட்டாளச் சேவை முடித்து ஊர்சுற்ற வந்த இஸ்ரேல் பிள்ளைகள் அதைத் தங்கள் பாலைவனத்துக்குக் கொண்டு போனார்கள். ஜெர்மன்காரர்கள் மாடு மேயும் வயலுக்குக் கொண்டு வந்தார்கள். போன இடத்தில் அது வேகம் பிடித்து ‘சைட்ரான்ஸ்’ ஆனது. பிறகு இருட்டு வகை, காட்டு வகை, காலை வெயில் வகை என்று சாதி பிரிந்தது. ஊவே பழைய கோவா வகை. காட்டு வகைக்காரர்களோடு ஒரே மேசையில் உட்கார மாட்டார்.

“இதில் கோவாக்காரர்களின் பங்கு என்ன?” என்று கேட்டேன். “பாய் விரித்து டீ விற்றார்கள். நல்ல டீ” என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அந்த டீத்தூள் எங்கள் கீழ்கோத்தகிரியில் என் அம்மா கிள்ளிய இலையாகக்கூட இருக்கலாம் அல்லவா? அந்த அளவுக்கு உலக இசை வரலாற்றில் எங்களுக்கும் பங்கு உண்டு என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அந்தக் காலத்தில் ஊவே என்னென்னவோ விழுங்கியிருக்கிறார். இப்போது விழுங்குவது பிரஷர் மாத்திரை ஒன்றுதான், அதுவும் நான் எடுத்துக் கொடுத்தால்தான்.

சென்ற ஆண்டு இந்த மனிதர்தான் என் குடியுரிமை விண்ணப்பத்தை நிரப்ப உதவினார். இந்த ஆண்டு பதில் வந்துவிட்டது. ராட்ஹவுஸ் என்று இங்கே சொல்லப்படும் ஊராட்சி அலுவலகத்துக்கு வந்து உறுதிமொழி வாசித்துச் சான்றிதழ் வாங்கிக்கொள்ள நாள் குறித்திருந்தார்கள். இரண்டு நாட்டையும் வைத்துக்கொள் என்கிறது ஜெர்மனி. இந்தியா அதற்கு இடம் கொடுக்காது. இது வந்தால் அது போகும். அம்மாவுக்கு நான் ஒரே பிள்ளை, அப்பா இல்லை. ஒன்பது வருடமாக ஒவ்வொரு போன் பேச்சும் “எப்ப கண்ணு ஊட்டுக்கு வர்றே?” என்றுதான் முடியும். “இன்னும் ரெண்டு வருசம்மா” என்பேன். விண்ணப்பம் போட்டதைச் சொல்லவே இல்லை. நேரில் சொல்வோம் என்று இரண்டு வாரம் லீவு போட்டேன். விமானத்தில் என் பக்கத்து இருக்கையில் ஊவே.

அவர் எதற்கு வந்தார் என்றால், மசினகுடிப் பக்கம் ஒரு ரிசார்ட்டில் பழைய கோவா நண்பர் ஒருவர் சைட்ரான்ஸ் பார்ட்டி வைப்பதாக எழுதியிருந்தார். இறங்கிப் போய்ப் பார்த்தால் பார்ட்டி ரத்து. யானைகள் நடமாடும் இடத்தில் சத்தம் கூடாது, அனுமதி இல்லை. ஊவே கோபப்படவில்லை. “யானைகளுக்குக் காட்டு வகை பிடிக்காது, நியாயம்தான்” என்று சொல்லிவிட்டு என்னோடு பஸ் ஏறினார். எங்கள் எஸ்டேட் லைனில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், அம்மாவின் இரண்டு அறை வீட்டில் கால் நீட்டினால் சுவர் இடிக்கும். அம்மா தமிழில் பேசினார், ஊவே ஜெர்மனில் பேசினார், இருவரும் என்னைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். முதல் நாளே சொல்லிவிட நினைத்தேன், சொல்லவில்லை. இரண்டாம் நாள் அம்மா பணியாரம் சுட்டுக் கொடுத்தார், எப்படிச் சொல்வது? எட்டு நாள் இப்படியே போயிற்று.

ஒன்பதாம் நாள் செவ்வாய்க்கிழமை. எஸ்டேட் மாரியம்மனுக்குப் பூச்சாட்டு. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: பூச்சாட்டு என்றால் நோம்பியை, அதாவது திருவிழாவை, அறிவிப்பது; எங்கள் பக்கம் அதற்கு முன் ஆத்தா யார் மேலாவது இறங்கி உத்தரவு கொடுக்க வேண்டும். உத்தரவு வராவிட்டால் அந்த வருடம் நோம்பி இல்லை. எப்போதும் பூசாரி மாரப்பண்ணன் மேல்தான் இறங்கும். இந்த வருடம் அவருக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகி, குதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். காலை எட்டு மணிக்குத் தப்பட்டையை எடுத்தார்கள். பத்து மணியாகியும் ஆத்தா யார் பக்கமும் திரும்பவில்லை. அடிக்கிறவர்கள் வியர்த்துப் போய் வேகத்தைக் கூட்டினார்கள். பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, யாருக்காவது கொஞ்சமாவது உடம்பு ஆடுகிறதா என்று தேடினார்கள்.

அப்போதுதான் உப்புமாவை முடித்துவிட்டு ஊவே வந்தார். நின்றார். போனை எடுத்துத் தாளத்தின் வேகத்தை அளந்தார். “நிமிடத்துக்கு நூற்று நாற்பத்து நான்கு! மணி, இது என் வேகம்” என்றார். அவர் வாயில் தங்கமணி என்கிற நான் மணிதான். செருப்பைக் கழற்றினார், கண்ணை மூடினார், இறங்கினார். டிரான்ஸ்காரர்களின் ஆட்டம் எப்படி என்றால், ஒரே இடத்தில் மண்ணை மிதிப்பது, கையைக் காற்றில் அளைவது, தலையைத் தொங்கப்போட்டுச் சடையைச் சுழற்றுவது. அந்தச் சடை ஒரு சுற்றுச் சுற்றியதும் யாரோ குலவையிட்டார்கள்.

“வந்துட்டா ஆத்தா!”

நான் “ஐயோ, அப்படியில்லீங்க, அவரு சும்மா ஆடறாரு” என்று கத்தினேன். எந்த ஊரில் யார் சும்மா ஆடுவார்கள்? அதற்குள் நெற்றி நிறையத் திருநீறு, கையில் வேப்பிலைக் கொத்து. தலையில் ஒரு குடம் மஞ்சள் தண்ணீரும் விழுந்தது. ஊவே கண் திறக்காமலே ஆனந்தமாகச் சிரித்தார். கோடை விழாக்களில் வெயில் தாங்காமல் ஆடுபவர்கள் மேல் ஹோஸில் தண்ணீர் அடிப்பது வழக்கம், அப்படித்தான் எடுத்துக்கொண்டார். மாரப்பண்ணன் நொண்டிக்கொண்டே வந்து முறைப்படி கேட்டார்.

“வந்திருக்கறது யாருன்னு சொல்லு தாயி.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மொழிபெயர்த்தேன். “ஊவே. கோவாவிலிருந்து” என்றார் அவர், மூச்சு வாங்க. வேறு வழியில்லாமல் அதையே சொன்னேன். மாரப்பண்ணன் திரும்பினார். “செரி, கோவா வழியாச் சுத்தி வந்திருக்கறா. வண்டி எதும் கெடைச்சிருக்காது” என்று கூட்டத்துக்கு விளக்கினார். பிறகு, “பூச்சாட்டலாமான்னு கேளும்மா.”

“விழாவை ஆரம்பிக்கலாமா என்று கேட்கிறார்கள்” என்றேன்.

மசினகுடியில் அனுமதி கிடைக்காத மனிதர் அல்லவா? முகம் பூத்துவிட்டது. “தாராளமாக! இதை யாராவது கேட்பார்களா?” என்றார். நான் சொல்லி முடிப்பதற்குள் குலவை மலையெல்லாம் எதிரொலித்தது.

அதோடு முடிந்திருக்கும். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அம்மா வந்தார். காலையில் இதே ஆளுக்கு உப்புமா வைத்து, “இன்னுங் கொஞ்சம் திங்கச் சொல்லு, காத்தடிச்சாப் போயிருவாரு” என்றவர், இப்போது அவர் முன்னால் கைகூப்பி நின்றார்.

“ஆத்தா, என்ற மக ஒம்பது வருசமா அங்கயே இருக்கறா. ரெண்டு வருசம், ரெண்டு வருசம்னு சொல்லிட்டே இருக்கறா. ஊட்டுக்குத் திரும்பி வருவாளா, மாட்டாளா? ஒரே வார்த்த சொல்லிரு. எதுன்னாலும் தாங்கிக்கறேன்.”

ஊவேயிடம் மெதுவாகச் சொன்னேன். அவர் கண்ணைத் திறந்தார்.

“நீ இன்னும் சொல்லவில்லையா?”

“இல்லை.”

“ஆத்தா என்ன சொல்லுது?” என்றார் மாரப்பண்ணன்.

“சொல்லிவிடு மணி,” என்றார் ஊவே. “நான் வேண்டுமானால் ஆடிக்கொண்டே இருக்கிறேன்.” மறுபடி கண்ணை மூடிக்கொண்டு மிதிக்கத் தொடங்கினார். தப்பட்டைக்காரர்களும் விடவில்லை. அவர் ஆடுவதைப் பார்த்தபடி, அம்மாவின் முகத்தைப் பார்க்காமல், சொன்னேன்.

“உன்ற மக அந்த ஊர்ப் பிரஜையாகப் போறா. நாள் குறிச்சாச்சு. இந்த ஊர்ப் பாஸ்போர்ட்டக் குடுத்துட்டுத்தான் அதை வாங்கோணும்.”

ஆத்தா பாஸ்போர்ட்டைப் பற்றிப் பேசியதில் ஒருவருக்கும் ஆச்சரியமில்லை. எங்கள் லைனில் பாதிப் பேர் இலங்கைத் தோட்டங்களிலிருந்து குடியுரிமைக் காகிதத்தோடு இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டவர்கள். சர்க்கார் விஷயத்தில் சாமிக்கும் நிலவரம் தெரிந்திருக்கும் என்று தலையாட்டினார்கள். அம்மா மட்டும் அசையவில்லை.

“அப்பறம் வரவே மாட்டாளா?”

இதற்கு நான் ஊவேயைக் கேட்கவில்லை. “வருவா. விசா வாங்கிட்டு வருவா” என்றேன். என் குரல் உடைந்தது. அதுவும் அருளில் சேர்ந்துவிட்டது. அம்மா திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டு, “செரி ஆத்தா” என்று நகர்ந்தார்.

உத்தரவு கொடுத்தவருக்குக் காப்பு கட்ட வேண்டும். மஞ்சள் கயிற்றோடு மாரப்பண்ணன் வந்ததும் ஊவே பழக்கப்பட்டவராக மணிக்கட்டை நீட்டினார். கோடை விழாக்களில் வாசலில் கையில் பட்டை கட்டித்தான் உள்ளே விடுவார்கள். “ஒரு நாளுக்கா, முழு விழாவுக்குமா?” என்று மட்டும் கேட்டார். முழுவதற்கும் என்றேன். முடிச்சுப் போட்ட பிறகுதான் மீதியைச் சொன்னேன். காப்பு கட்டியவர் நோம்பி முடிய ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. பதினைந்து நாள். எங்கள் விமானமோ அன்றிலிருந்து ஐந்தாம் நாள். ஊவே மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எங்கள் விழாவில் இவ்வளவு ஒழுங்கு கிடையாது” என்றார், மரியாதையோடு.

சாயங்காலம் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “கண்ணு, ஒண்ணு சொல்றேன், மனசு உட்றாத. நீ அந்த ஊர்க்காரியாயிருவியாமா. ஆத்தா சொல்லிப்போட்டா” என்றார், எனக்கு ஆறுதல் சொல்லும் குரலில். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. “அம்மா, அதைச் சொன்னது நான்தான்” என்றேன்.

“நீ சொல்லியிருந்தா உன்ன உட்டிருக்கவே மாட்டேன். அதனால ஆத்தாதான் சொன்னா.” எழுந்து போய் அடுப்பில் பால் வைத்தார்.

நான் தனியாகத் திரும்பினேன். குறித்த நாளில், ராட்ஹவுஸில் நான்கு பேரோடு வரிசையில் நின்று உறுதிமொழியை வாசித்தேன். உச்சரிப்பு நன்றாக இருக்கிறது என்று பாராட்டினார்கள். வெளியே வந்து போனைப் பார்த்தால் அம்மாவிடமிருந்து வீடியோ. மஞ்சள் வேட்டியில், ஊர்ப் பெண்கள் நடுவில், ஊவே ஆடிக்கொண்டிருந்தார். முன்பைவிடச் சதை போட்டிருந்தார். மாரப்பண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து தாளம் போட்டார். உடனே அம்மாவைக் கூப்பிட்டேன்.

“காப்பு அவுத்தாச்சு கண்ணு. உங்க ஊர்க்காரரப் பத்தரமா அனுப்பி வெக்கறேன். நீ போய்க் கூட்டிக்க.”

உங்க ஊர்க்காரர். சாதாரணமாகத்தான் சொன்னார். சரிம்மா என்றேன். மூன்றாம் நாள் விமான நிலையத்துக்குப் போய், திறந்து மூடும் கண்ணாடிக் கதவின் முன்னால், எங்கள் ஊரிலிருந்து வரும் எங்கள் ஊர்க்காரருக்காகக் காத்து நின்றேன்.