வீரம்மாளுக்கு ஒரு கல்

கெஸியாவின் பச்சைக் கண்கள் எங்கிருந்து வந்தன என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அப்பாவின் தாத்தா எஸ்டேட் துரை எட்வின். பாட்டி, அதே எஸ்டேட்டில் கொழுந்து பறித்த வீரம்மாள். வெளியே சொல்லிவிடாதே என்று மட்டும் அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

குன்னூர் கடைவீதியில் தையல் கடை வைத்திருந்த கெஸியாவும் வாய் திறக்காமல்தான் இருந்தாள். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு ஒரு சேதி காதில் விழுந்தது. லண்டனிலிருந்து எட்வினின் தம்பி பேரன் வந்தாராம், கல்லறையைத் தேடினாராம். சர்ச் செயலாளர் தங்கையா மாலை போட்டு வரவேற்று, பழைய பதிவேடுகளை எடுத்துக் காட்டினாராம்.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு சர்ச் அலுவலகத்துக்குப் போனாள்.

"எங்க தாத்தா சாமுவேலோட ஞானஸ்நானப் பதிவைப் பாக்கோணுங்க."

"இப்ப எதுக்கும்மா அதெல்லாம்?" என்றார் தங்கையா.

"லண்டன்காரருக்கு எடுத்துக் காட்டுனீங்கல்ல. அவரு தம்பி வழி. நான் நேர் வழிங்க."

தங்கையா வேண்டாவெறுப்பாக எடுத்து வைத்தார். தகப்பன் பெயர் முழுசாக இருந்தது. தாய் என்ற இடத்தில் 'எஸ்டேட் கூலிப் பெண்' என்று மட்டும் எழுதியிருந்தார்கள்.

கெஸியா எஸ்டேட்டுக்குப் போய் விசாரித்தாள். கூலிக்காரர்களைப் புதைத்த சரிவில் எப்போதோ தேயிலை நட்டுவிட்டார்கள். எந்தச் செடிக்கு அடியில் வீரம்மாள் கிடக்கிறாள் என்று யாரைக் கேட்பது?

ஒரு கருங்கல்லில், 'வீரம்மாள், கொழுந்து பறித்தவள், சாமுவேலின் தாய்' என்று வெட்டச் சொன்னாள். ஜீப்பில் ஏற்றிவந்து சர்ச் கல்லறைத் தோட்டத்தில் எட்வினின் கல்லறைக்குப் பக்கத்திலேயே நட்டாள்.

ஒரு வாரம்கூட நிற்கவில்லை. கல்லைப் பிடுங்கி மதிலில் சாய்த்து வைத்திருந்தார்கள்.

"கமிட்டியில பேச்சாயிருச்சும்மா. கல்யாணம் ஆகாம இருந்தவ பேரு இங்க வரக்கூடாதுங்கறாங்க," என்றார் தங்கையா.

"அவருக்கு மட்டும் ஆகியிருந்துச்சுங்களா? அவரு கல்லை யாரும் பிடுங்கலையே."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொத்தனாரோடும் சிமெண்டோடும் அவள் வந்தபோது தங்கையா கேட்டருகே வந்து நின்றார்.

"கேஸ் போடுவாங்கம்மா."

"போடட்டுங்க. கோர்ட்டுல அவ பேரைக் கூப்பிட்டுத்தானே ஆகோணும். நூறு வருசமா ஒருத்தரும் கூப்பிடலை."

அவர் வழிவிட்டார். கொத்தனார் கலவை குழைத்தார்.

கேஸ் ஏதும் வரவில்லை. கமிட்டி சில மாதம் முணுமுணுத்துவிட்டு ஓய்ந்தது. அந்த வருடம் கல்லறைத் திருநாளன்று எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்து இரண்டு பெண்கள் பூவோடு வந்தார்கள். கல்லைத் தடவிப் பார்த்துவிட்டு ஒருத்தி தயங்கித் தயங்கிக் கேட்டாள்:

"எங்க ஆயாவும் அந்தச் சரிவுலதாங்க கெடக்குது. அது பேரையும் இங்க வெக்க விடுவாங்களா?"

"விட மாட்டாங்க," என்றாள் கெஸியா. "பேரைச் சொல்லு. கல்லு வெட்டறவருக்கு இப்பவே போன் போடறேன்."