முப்பத்தெட்டாம் நாள் கையெழுத்து

உழவர்கரையில் மருந்துப் பாட்டில்களுக்கு மூடி செய்யும் கம்பெனியில் பதினேழு வருடமாக மெஷின் ஓட்டுகிறவள் அஞ்சலாட்சி. அந்த மெஷினின் கதவைத் திறந்தால் அது தானாக நின்றுவிட வேண்டும். அடிக்கடி நின்றால் உற்பத்தி குறைகிறது என்று, மானேஜர் சொல்லி அந்தச் சுவிட்சைக் கம்பியால் இழுத்துக் கட்டிவைத்திருந்தார்கள். பங்குனியில் ஒரு நாள் காலை, சிக்கிய மூடியை எடுக்கக் கையை விட்ட சிந்துஜாவின் இரண்டு விரல்கள் அச்சுக்குள் நசுங்கின. வேலைக்குச் சேர்ந்து எட்டே மாதம் ஆன பெண். ஆட்டோவில் அவள் தலையை மடியில் தாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனது அஞ்சலாட்சிதான்.

மறுநாள் நோட்டீஸ் போர்டில் ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்று ஒட்டியிருந்தது. அதைக் கிழித்துக் கையில் கசக்கிக்கொண்டு வெளியே வந்தாள். பின்னாலேயே எல்லாரும் வந்தார்கள். கேட்டுக்கு எதிரே வேலைநிறுத்தப் பந்தல் எழுந்தது.

சம்பளம் இல்லாத அந்த நாட்களில் அஞ்சலாட்சி கருவடிக்குப்பத்தில் இரண்டு வீடுகளுக்குப் பாத்திரம் தேய்த்துவிட்டுத் தினமும் பந்தலுக்கு வருவாள். முதலாளியின் பெயர் எதுவார்; புதுச்சேரிப் பிரெஞ்சு வழக்கில் எல்லாரும் அவரை ‘முசியே’, அதாவது ஐயா, என்பார்கள். அவர் காரில் தலையைத் திருப்பாமல் போவார். பெரிய ஆர்டர் ஒன்று ஓசூர் கம்பெனிக்குப் போய்விட்டது என்று செய்தி வந்ததும் பந்தலில் சிலர் கைதட்டினார்கள். அவள் தட்டவில்லை. போன ஆர்டர் திரும்பி வராது.

முப்பத்தெட்டாம் நாள் சங்கச் செயலாளர் கோபிநாத் கழுத்தில் மாலையோடு வந்தார்.

“ஜெயிச்சிட்டோம்! கையெழுத்து ஆயிடுச்சு. நாளைக்கு எல்லாரும் உள்ள போறோம்.”

“பேப்பரக் காட்டுங்கண்ணே,” என்றாள் அஞ்சலாட்சி.

சம்பள உயர்வு இருந்தது. சங்கத்துக்கு ஓர் அறை இருந்தது. மெஷின் கதவைப் பற்றி ஒரு வரி இல்லை.

“சிந்துஜா பேரு எங்க?”

“அவ கான்ட்ராக்டும்மா. சங்கத்துல மெம்பரும் இல்ல. மொதல்ல உள்ள போவோம், அப்பறம் பேசிக்கலாம்.”

“அவ கையத்தான படமெடுத்து பேனர் வெச்சீங்க? அதக் காட்டித்தான உண்டி குலுக்கினீங்க? அப்ப அவ மெம்பரான்னு கேட்டீங்களா?”

கோபிநாத் மாலையைக் கழற்றிக்கொண்டே நகர்ந்துவிட்டார்.

மறுநாள் அவளும் உள்ளே போனாள். மெஷின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மானேஜர் கத்தினார்.

“கம்பிய அவுத்துடுங்க, ஓட்டறேன்,” என்றாள்.

பக்கத்து மெஷின் நின்றது. அதற்கடுத்ததும் நின்றது. கோபிநாத் ஓடிவந்து, “ஒப்பந்தத்த மீறாதம்மா, சங்கத்துக்குக் கெட்ட பேரு,” என்றார்.

“சங்கத்துக்கா, உங்களுக்கா?”

பத்து மணிக்கு முசியே இறங்கி வந்தார். “இன்னொரு ஆர்டர் போச்சுன்னா நான் கம்பெனியையே மூடிடுவேன்.”

“மூடுங்க முசியே. மூடறவரைக்கும் இன்னொருத்தி வெரலு போவக்கூடாது. நம்பலன்னா நீங்களே அந்த அச்சுக்குள்ள கைய விட்டுப் பாருங்க.”

அவர் குனிந்து அந்தக் கம்பியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார். மதியத்துக்குள் பதினோரு மெஷின்களிலும் கம்பியை வெட்டிப் போட்டார்கள்.

அடுத்த மாதமே, ஆர்டர் இல்லை என்று இரண்டாவது ஷிப்டை நிறுத்தினார்கள். இருபத்தாறு பேருக்கு வேலை போயிற்று. சிந்துஜாவும் அதில் ஒருத்தி. அவள் தெருவிலேயே இருந்த நிர்மலாதேவி, தன் புருஷன் வேலை போன ஆத்திரத்தில் அஞ்சலாட்சியிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். அஞ்சலாட்சியை லேபிள் ஒட்டக் குடோனுக்கு மாற்றினார்கள்.

“அந்தச் சங்கத்த விட்டுட்டு வந்துடுக்கா,” என்றாள் சிந்துஜா.

“எதுக்கு? அது இன்னா கோபிநாத்து ஊட்டு சொத்தா?”

கான்ட்ராக்ட் ஆட்களையும் உறுப்பினராக்க வேண்டும் என்று அவள் பொதுக்குழுவில் எழுந்து கேட்டாள். முதல் தடவை சிரித்தார்கள். சிந்துஜாவின் நஷ்டஈட்டு வழக்குக்கு லேபர் ஆபீசில் அலைந்துகொண்டே இரண்டாம் தடவையும் கேட்டாள். அடுத்த வருடம் ஆடியில் தீர்மானம் நிறைவேறியது. கோபிநாத்தும் சிரித்துக்கொண்டே கை தூக்கினார். ‘மெம்பரும் இல்ல’ என்று அன்றைக்குச் சொன்ன அதே வாய் சிரிப்பதைப் பார்க்கப் பிடிக்காமல் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.