காப்புக் கட்டுவதற்குள் ஓர் ஏரி

எனக்கு ஒரே இடத்தில் உட்கார வராது. கறம்பக்குடியில் பிறந்த வீட்டில் இருந்தபோதே, "இவ காலுல சக்கரத்தக் கட்டிப் பெத்துட்டா" என்று அம்மாவைக் கேலி பேசுவார்கள். அப்படிப்பட்டவளுக்கு வல்லத்திராக்கோட்டைக்குப் பக்கத்துச் சிற்றூரில் மாப்பிள்ளை பார்த்தார்கள். பள்ளிக்கூட வாத்தியார், சொந்தமாகச் சைக்கிள் இருக்கிறது, கோடை விடுமுறைக்கு மலை, ஏரி என்று சைக்கிளிலேயே போய் வருவார் என்றார்கள். வேறு எதையும் நான் விசாரிக்கவில்லை. உடனே தலையாட்டிவிட்டேன்.

அவர் போனார். நான் வீட்டில் கிடந்தேன். ஐம்பதுகளின் கடைசியில், கல்யாணமான முதல் சில வருடங்கள் இப்படித்தான் கழிந்தன. பள்ளிக்கூடம் அடைத்த மறுநாளே கிளம்பிவிடுவார். திரும்பி வரும்போது துண்டில் முடிந்த பிளம்ஸ் பழமும், ஒரு புட்டி யூக்கலிப்டஸ் தைலமும், வாய் நிறையக் கொடைக்கானல் ஏரியும் கொண்டு வருவார்.

"கடலு மாதிரி கெடக்கு. இந்தக் கரையில நின்னா அந்தக் கரை தெரியாது. மேகம் எறங்கி வந்து தண்ணி குடிச்சிட்டுப் போகுது" என்று அவர் சொல்லச் சொல்ல, அக்கம்பக்கத்தார் வாயைப் பிளந்து கேட்பார்கள். எங்கள் கண்மாய் அந்த மாதத்தில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். எங்கள் பக்கத்தில் மலை என்றால் மொட்டைப் பாறைதான். அன்றைக்கு எனக்குத் தூக்கம் வராது. அந்த ஏரியை ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும், அப்புறம் அடங்கிக் கிடப்பேன் என்று நினைத்துக்கொள்வேன்.

என்னையும் கூட்டிப் போகச் சொன்னால், "அடுத்த வருசம் பாப்பம்" என்பார். அடுத்த வருடமும் அதையே சொல்வார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, ஒரு பங்குனியில் அவரோடு பேச்சை நிறுத்தினேன். சோறு போடுவேன், பேச மாட்டேன். விடுமுறை நெருங்கும்போது மனிதர் இறங்கி வந்தார்.

"சரி, நீயும் வா."

நான் பையை எடுத்து வைத்த அன்றைக்குத்தான் ஊரில் தமுக்கு அடித்தார்கள். வரும் செவ்வாய்க்கிழமை அம்மனுக்குக் காப்புக் கட்டு. காப்புக் கட்டிவிட்டால் ஊர்க்காரர் யாரும் எல்லையைத் தாண்டி வெளியில் இரவு தங்கக் கூடாது. தேர் ஓடி முடியும்வரை அதுதான் சட்டம். எங்கள் ஊரில் தேர் ஓட ஒரு மாதத்துக்கு மேல் ஆகும், முடிவதற்குள் பள்ளிக்கூடமும் திறந்துவிடும். நான் சட்டென்று உட்கார்ந்துவிட்டேன்.

என் மாமியாருக்குக் கோயில் விஷயம் எல்லாம் அத்துப்படி. நான் முகத்தைத் தூக்கி வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு, "இதுக்கு எதுக்குடி ஒப்பாரி? போறதுன்னா காப்புக் கட்டுறதுக்குள்ள போயிருங்க. கட்டுறப்ப ஊருல இல்லாதவங்களுக்கு எல்லை கெடையாது. ஆனா திரும்பி வந்து உள்ள கால வச்சீங்கன்னா அப்பறம் அசையக் கூடாது" என்றார்.

திங்கட்கிழமை விடிவதற்குள் கிளம்பினோம். கேரியரில் சாக்கை மடித்துப் போட்டு நான் ஒருக்களித்து உட்கார்ந்தேன். ஹேண்டில்பாரில் ஒரு பக்கம் கட்டுச்சோறு, மறு பக்கம் பம்பும் பஞ்சர் சாமானும் போட்ட பை. திருமயம் கோட்டைப் பாறை பின்னால் போனது. சிங்கம்புணரி போனது. சத்திரத்தில் படுத்தோம். நத்தம் பக்கம் வந்தபோது பச்சை போர்த்திய மலைகள் கண்ணில் பட்டன. இடுப்பு ஒடிந்துவிடும் போல இருந்தது. இருந்தாலும் அவர் ஒரு வாய் தண்ணீர் குடிப்பதற்குள், "கிளம்பலாமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஓடுகிற சைக்கிளில்தான் என் மனது ஒரு நிலையில் இருந்தது.

வத்தலக்குண்டுக்கு முன்னால் மலை மொத்தமும் எதிரே எழுந்து நின்றது. நான் அவர் முதுகைத் தட்டி, வேகமாக மிதிக்கச் சொன்னேன். அவரோ மிதிப்பதைக் குறைத்துக்கொண்டே வந்தார். இறங்கி டயரை அமுக்கிப் பார்த்தார். ஏறி, கொஞ்ச தூரம் போய், மறுபடியும் இறங்கி அமுக்கினார்.

"இந்நேரம் காப்புக் கட்டியிருப்பாங்க. எனக்கு என்னமோ மனசு சரியில்ல. திரும்பிருவமா?" என்றார்.

"ஒங்க ஆத்தாதான் எல்லை கெடையாதுன்னு சொன்னாங்கள்ல?"

"சொன்னாங்க. இருந்தாலும் தெய்வ காரியம்."

நான் சாலையோர டீக்கடைக்குள் போய் உட்கார்ந்தேன். பின்னாலேயே வந்த அவரைப் பார்த்ததும் கடைக்காரர் முகம் மலர்ந்தது.

"வாங்க வாத்தியாரே. இந்த வருசமும் மலையைப் பாத்துட்டுத் திரும்புறதுதானா? பிளம்ஸ் நேத்துத்தான் எறங்குச்சு, மார்க்கெட்டுல நல்லாக் கெடக்கு."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. பிளம்ஸ் இந்தச் சந்தையில் வாங்கியது. தைலம் இங்கே வாங்கியது. ஏரி, லாரிக்காரர்கள் டீ குடிக்கும்போது சொன்னது. மனிதர் ஒரு தடவைகூட மலை ஏறியதில்லை. இத்தனை வருடமும் போட்டது வெறும் வாய்ப்பந்தல். அந்தப் பந்தலுக்குக் கீழேதான் நான் தூக்கமில்லாமல் புரண்டுகொண்டிருந்தேன்.

கடைக்கு வெளியே வந்ததும் கத்தினேன். ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். நின்றால் நிற்கட்டும் என்று கத்தினேன். "ஊருக்குப் போயி ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்றேனா இல்லையா பாருங்க" என்றேன்.

அவர் சைக்கிள் பெல்லைத் தடவிக்கொண்டே நின்றார். "வீட்டுல இருந்தா எப்படா கெளம்புவோம்னு இருக்கு. இங்க வந்து இந்த மலையப் பாத்தவொடனே வீட்டு நெனப்பு வந்துருது. ஒவ்வொரு வருசமும் ஏறிரணும்னுதான் வாரேன். பாத்துட்டேன்னு மொதத் தடவ சொல்லிட்டேன், அப்பறம் மாத்திச் சொல்ல முடியல" என்றார்.

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் என் கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது. சைக்கிளை அவர் கையிலிருந்து பிடுங்கி, நானே தள்ளிக்கொண்டு மலையைப் பார்த்து நடந்தேன். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன். துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு பின்னாலேயே வந்துகொண்டிருந்தார்.

மலைப்பாதை வளைந்து வளைந்து போயிற்று. ஒவ்வொரு வளைவிலும் இதோடு முடிந்தது என்று தோன்றும், முடியாது. என் கை காந்தியது. பாதி வழியில் அவர் வந்து ஹேண்டில்பாரின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். மலை ஏறும் காலி லாரி ஒன்று பிறகு எங்களை ஏற்றிக்கொண்டது. மேலே போகப் போக என் நூல் சேலைக்குள் குளிர் புகுந்தது. அவருக்குப் பல் தந்தியடித்தது.

ஏரியைப் பார்த்தேன். கடல் மாதிரி இல்லை. எங்கே நின்றாலும் அக்கரை தெரிந்தது. கை கால்களை நீட்டி மடக்கிக்கொண்டு, மலைகளுக்கு நடுவே அடக்கமாகக் கிடந்தது. மேகம் மட்டும் நிஜமாகவே தண்ணீர்மேல் இறங்கியிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் அவரும் முதல் தடவையாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"லாரிக்காரன் பொய் சொல்லிட்டான்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். ஏரியைச் சுற்றி ரோடு போட்டிருந்தார்கள். என்னைக் கேரியரில் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினார். போதும் என்றேன். கேட்காமல் மறுபடியும் சுற்றினார்.

இறங்கும்போது பிரேக் தாங்காது என்று ஒரு மரக்கொப்பை ஒடித்துச் சைக்கிளுக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். அடிவாரத்தில் அதை அவிழ்த்துவிட்டு, சோழவந்தான் வழியாக வைகைக் கரையைப் பிடித்து, தென்னந்தோப்பும் வெற்றிலைக் கொடிக்காலும் பார்த்துக்கொண்டு ஊருக்கு வந்தோம்.

எல்லையில் வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தது. அவர் சர்ரென்று உள்ளே போய்விடப் பார்த்தார். நான் குதித்து இறங்கிக்கொண்டேன். இதைத் தாண்டினால் தேர் ஓடும்வரை அசைய முடியாது. ஏரியைப் பார்த்தாயிற்று, இனி அடங்கிக் கிடக்க வேண்டியதுதானே என்று என்னை நானே கேட்டேன். என் கால் நகரவில்லை. அவர் தோரணத்துக்கு உள்ளே நின்றுகொண்டு, "வா" என்று கூப்பிட்டார். அப்புறம்தான் போனேன்.

வீட்டு வாசலில் அக்கம்பக்கம் கூடிவிட்டது. மாமியார் மகனைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டார்.

"நீ சொல்லுடி. இவன் சொன்ன மாதிரி கடலாட்டமா இருந்துச்சு?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு, தேவையே இல்லாமல் பின் டயரை அமுக்கிக்கொண்டிருந்தார். ரோட்டில் நின்று நான் கத்தியது எனக்கு நினைவிருந்தது. அவர் காதிலும் அதுதான் ஓடிக்கொண்டிருந்திருக்கும்.

"ஆமா அயித்த, அந்தக் கரையே தெரியல" என்றேன்.

அவர் டயரிலிருந்து கையை எடுத்தார்.

"அப்பறமென்ன, பாத்தாச்சுல்ல? இனிமேலாவது ஒரு எடத்துல இருப்ப" என்றார் மாமியார்.

"இருப்பா, இருப்பா" என்றார் அவர், எனக்கு முந்திக்கொண்டு.

"ஏரிக்கு அங்கிட்டும் ரோடு போகுது அயித்த" என்றேன்.