கல்லறைக்குப் பிறகு கடல்

நோர்மண்டிக்கு நான் கூட்டிப்போன முதல் குழு, உலகப் போரில் செத்த கனடியப் போர்வீரர்களின் கல்லறைத் தோட்டத்து வாசலில் பஸ்ஸை விட்டு இறங்க மறுத்துவிட்டது.

கனடாவில், அஜின்கோர்ட் என்ற இடத்தில் ஒரு சின்ன டிராவல்ஸ் கம்பனியில் ரூர் மனேஜராக இருந்தேன். பென்ஷன் எடுத்த எங்கள் சனத்தைப் பாரிசுக்கும் லண்டனுக்கும் கொண்டுபோய்க் கொண்டுவருவதுதான் வேலை. பாரிசைத் தாண்டிக் கடலோரம் இருக்கிற நோர்மண்டி, முதலாளியின் யோசனை. "எல்லாரும் ஈபிள் டவரோட நிண்டு படம் எடுத்தாச்சு. இனிச் சரித்திரம் காட்டு," என்றார். பயணத் திட்டத்தை நான்தான் போட்டேன். பழைய துறைமுகம், ஓவியக்கூடம், ஒரு பழங்காலப் போரை நூலால் தைத்துவைத்த நீளத் துணி, பிறகு கல்லறைத் தோட்டம், உடனேயே மதியச் சாப்பாடு. பேப்பரில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

"உதென்ன தம்பி, சுடலைக்குள்ள போட்டு வந்து முழுகாமல் சாப்பிடுறதோ?" முன் சீற்றில் இருந்த நவரத்தினம் அங்கிள் கேட்டார்.

"சுடலை இல்லை அங்கிள், இது மெமோரியல்."

"உள்ளுக்க பிணம் தாட்டுக் கிடக்கோ இல்லையோ?"

"கிடக்கு."

"அப்ப சுடலைதான்."

பின்னால் எல்லாத் தலையும் ஆடியது. எனக்குக் கோபம் வந்தது, என் மேல்தான். செத்தவீட்டுக்குப் போய்வந்தால் முழுகாமல் வீட்டுக்குள் கால் வைக்கமாட்டோம். யாழ்ப்பாணத்தில் பிறந்தவன் போடுகிற திட்டமா இது?

அப்போது பரமேஸ்வரி அன்ரி எழுந்து இறங்கினார். அஜின்கோர்ட்டுக்குப் பக்கத்தில், வெக்ஸ்போர்ட்டில் தனியாக இருப்பவர். அவருடைய ஒரே மகன் வன்னியில் கடைசிச் சண்டையில் காணாமல் போனவன். இது குழுவில் எல்லோருக்கும் தெரியும். அவன் பிறந்தநாளுக்கு வருடாவருடம் நண்டுக்கறி வைத்து அக்கம்பக்கம் கொடுப்பார். அவனுக்குத் திவசம் செய்யச் சொன்ன சொந்தத் தங்கையோடு அவருக்குக் கதைபேச்சில்லை.

நான் கூடவே போனேன். மேப்பிள் இலை செதுக்கிய வெள்ளைக் கற்கள் வரிசை வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் வயதை வாய்விட்டு வாசித்துக்கொண்டே போனவர் ஒரு கல்லடியில் நின்றார்.

"இந்தப் பிள்ளைக்குப் பேர் இல்லையோ?"

"ஆரெண்டு கண்டுபிடிக்கேல்லை அன்ரி."

"தாய்க்காரி எங்கையெல்லாம் தேடியிருப்பாள்." பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். "என்ர பிள்ளை இருந்தால், இவ்வளவு காலமும் எனக்கொரு கோல் எடுக்காமல் இருப்பானே தம்பி?"

எந்தக் கேள்விக்கும் ஏதாவது சொல்லிச் சமாளித்துப் பழகியவன் நான். 'ஆருக்குத் தெரியும்' என்று நழுவியிருக்கலாம். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். என்னால் முடியவில்லை.

"எடுத்திருப்பார் அன்ரி," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். அழவில்லை. "அப்ப நான் முழுகவேணும். கடல் கிட்டவோ?"

பஸ்ஸில் ஏறி விசயத்தைச் சொன்னேன். "றைவரை எடுக்கச் சொல்லு. சாப்பாடு பிறகு பாப்பம்," என்றார் நவரத்தினம் அங்கிள். சாப்பாட்டுக் கடைக்குப் போன் பண்ணி, வரப் பிந்தும் என்று சொன்னேன்.

தண்ணீர் ஐஸ் மாதிரிக் குளிர்ந்தது. அன்ரி சுடிதாரோடேயே இடுப்பளவுக்கு இறங்கித் தலையை அமிழ்த்தினார். அங்கேதான் அழுகை வந்தது. மகனின் பெயரைச் சொல்லிக் குளறி அழுதார். இரண்டு பெண்கள் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு ஒவ்வொருவராகச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு இறங்கினார்கள். சுடலைக்குள் வரமாட்டோம் என்றவர்கள், அவனுடைய செத்தவீட்டுக்கு வந்தவர்களாக முழுகினார்கள். நானும் முழுகினேன்.

கடையில் மட்டியும் இறாலும் பெரிய தட்டுகளில் வந்தன. அன்ரி ஈரத்தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, எனக்கு மரக்கறி சொல்லுங்கோ. அந்தியேட்டி முடியுமட்டும் நான் மீன் மச்சம் தின்னேலாது."

அந்தியேட்டி, செத்து முப்பத்தோராம் நாள் செய்கிற கிரியை. அன்ரி அன்றைக்குத்தான் நாள் எண்ணத் தொடங்கியிருந்தார். நவரத்தினம் அங்கிள் தன் தட்டைத் தள்ளிவைத்தார். சமையலறையில் அவித்த உருளைக்கிழங்கும் பட்டரும் பாணும் இருந்தன. எல்லோரும் அதையே சாப்பிட்டோம்.

அதன் பிறகு நான் போட்ட எல்லாத் திட்டங்களிலும் கல்லறைக்குப் பிறகு கடல், கடலுக்குப் பிறகுதான் சாப்பாடு. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: சனத்தை எங்கே கொண்டுபோகிறோம் என்று மட்டும் பார்க்காதீர்கள். அங்கே போய்வந்த மனிதருக்கு அடுத்ததாக என்ன செய்யவேண்டியிருக்கும் என்றும் யோசியுங்கள். அதற்கு நேரம் விடுங்கள்.