கதவில் ஒட்டிய சம்மன்

காலை ஆறே முக்காலுக்குப் பாம்பனில் ரயில் ஏறினேன். ராமநாதபுரம் இருபத்தேழு மைல். மூன்றாம் வகுப்பு டிக்கெட் பன்னிரண்டு அணா. நான் பாம்பன் தொடக்கப் பள்ளி ஆசிரியை. கரைவலை இழுக்கும் முனியாண்டி தனுஷ்கோடியிலிருந்தே அந்த ரயிலில் வந்திருந்தார்.

என் மகன் செல்வம் மூன்று வாரமாகச் சிறையில் இருந்தான். இலங்கையிலிருந்து துணி கடத்தியதாகக் குற்றச்சாட்டு. கடத்தியதாகச் சொன்ன நாளில் அவன் தன்னோடு தனுஷ்கோடியில் வலை இழுத்தான் என்று சொல்ல முனியாண்டி தயார். அவரை விசாரிக்காமலே கீழ்க்கோர்ட்டு ஒரே முற்பகலில் ஆறு மாதம் போட்டுவிட்டது. எங்கள் அப்பீலுக்கு இன்று சர்க்கார் பதில் சொல்ல வேண்டும்.

பாலத்தில் ரயில் ஊர்ந்தது. வாடைக்காலம், வடகடல் கொதித்துக்கொண்டிருந்தது, தென்கடல் குளம்போல் கிடந்தது. மண்டபத்தில் ஏர்வாடி தர்காவுக்குப் போகும் பெரியவர் ஒருவர் ஏறினார்.

"எங்கன போறீக தாயி?"

"கோர்ட்டுக்கு. சர்க்காருக்கு எதிர்ப்பக்கம்."

மூட்டையை நகர்த்தி இடம் விட்டார். "அப்ப நல்லா காலை நீட்டி உக்காருங்க. அவுக லேசுல முடிக்க மாட்டாக."

பதினொரு மணிக்கு வழக்கைக் கூப்பிட்டார்கள். சர்க்கார் வக்கீல் எழுந்தார். "விசாரணையில் குறை எதுவும் இல்லை. சாட்சிக்குப் பாம்பனுக்குச் சம்மன் போனது. ஆள் இல்லாததால் வீட்டுக் கதவில் ஒட்டினார்கள். அப்படியும் வராவிட்டால் சர்க்கார் என்ன செய்யும்?"

பக்கத்தில் முனியாண்டி வாய்விட்டே சொன்னார்: "கதவுலயா? கதவு எங்கிட்டல்ல இருக்கு!"

கோர்ட்டே சிரித்தது. "யாரது? முன்னால் வா" என்றார் நீதிபதி.

"வாடைக்கு நாங்க குடும்பத்தோட தனுஷ்கோடி போயிருவோம்யா. போகையில ஓலைக் கதவையும் கழத்தித் தூக்கிட்டுப் போயிருவோம். அங்கன போடுற குடிசைக்கும் அதுதான் கதவு. பாம்பன்ல நாலு கம்புதான் நிக்குது. எதுல ஒட்டுனாக?"

"கதை கட்டுகிறான்" என்றார் சர்க்கார் வக்கீல்.

நான் எழுந்துவிட்டேன். எங்கள் வக்கீல் உட்காரச் சொல்லிக் கையாட்டினார், உட்காரவில்லை. "வாடைக்காலத்தில் என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் இருப்பதில்லை ஐயா. ஆஜர் பட்டியலைக் கொண்டுவந்து காட்டுகிறேன்."

நீதிபதி சம்மன் காகிதத்தைப் புரட்டினார். ஒட்டியதைப் பார்த்ததாக ஒருவர் கையெழுத்தும் அதில் இல்லை. இரண்டு மணிக்கு உத்தரவு வந்தது: தண்டனை ரத்து, முனியாண்டியை விசாரித்து வழக்கை மறுபடி நடத்த வேண்டும், அதுவரை செல்வத்துக்கு ஜாமீன்.

வராந்தாவில் சர்க்கார் வக்கீல் என்னை நிறுத்தினார். "ரொம்பச் சந்தோஷப்படாதீங்கம்மா. மறுபடியும் தண்டனை வரலாம்."

"வரட்டும் சார். இந்த மனுஷன் சொல்றதையும் எழுதிக்கிட்டு வரட்டும்."

மூன்றரை மணி ரயிலில் திரும்பினோம். என் வகுப்பில் இரண்டு பிள்ளைகள் அடித்துக்கொண்டால், இருவரையும் கேட்காமல் நான் பிரம்பைத் தொடுவதில்லை. சர்க்காரிடமும் அதைத்தான் கேட்டேன். கொடுக்காவிட்டால் மெட்ராஸ் ஹைகோர்ட்டு வரை போய்க் கேட்பேன்.